மானைச் சோதிப்பது மாட்டுக்காக

2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. அப்போது எழுந்த முதல் கேள்வி, இது குளிரா நோயா என்பது. ஐயம் இருந்த அந்த நாட்களிலேயே வடக்கு, கிழக்கிலிருந்து இறைச்சியை ஏனைய மாகாணங்களுக்குக் கொண்டுசெல்லத் தடை வந்துவிட்டது. குளிர்தான் காரணம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அதை நம்பியவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. நோயாக இருக்கலாம் என்ற பேச்சு ஒன்றே சந்தையைப் பூட்டப் போதுமானது என்பதைப் பண்ணையாளர்கள் அன்று நேரிலேயே கண்டார்கள். அந்தப் பேச்சை உடனே தீர்த்துவைக்க ஒரு பதிவு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்: எந்த நோய் நம் பகுதியில் ஏற்கெனவே உலவுகிறது, எது இல்லை, எது எந்த ஆண்டில் வந்துபோனது என்ற பதிவு. அதில் மாடும் ஆடும் மட்டும் இருந்தால் போதாது, அவற்றோடு ஒரே நீரைக் குடிக்கும் காட்டு மானும் இருக்க வேண்டும். புள்ளிமானையும் மரையையும் ஒழுங்காகக் குருதிப் பரிசோதனைக்கு உட்படுத்துவது வடக்கின் கால்நடைகளைக் காப்பதற்கான மலிவான வழிகளில் ஒன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மான் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வலிகாமத்தின் வெங்காயத் தோட்டங்களிலும் தென்மராட்சியின் தென்னங்காணிகளிலும் மான் இல்லை. இங்கே மாடு என்றால் வேலியோரம் கட்டி வளர்ப்பது, ஆடு என்றால் குழை வெட்டிப் போட்டு வளர்ப்பது. ஆனால் குடாநாடு தீவு அல்ல. கிழக்கே வடமராட்சி கிழக்கின் மணற்றிட்டுகள் வழியாகச் சுண்டிக்குளத்துக்கும், தெற்கே ஆனையிறவு வழியாகக் கிளிநொச்சிக்கும் நிலம் தொடர்கிறது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அதற்கு அப்பால் வன்னியில் மாடு பட்டியாக வளர்கிறது. பகலில் தரவையிலும் காட்டோரத்திலும் மேய்ந்து, மாலையில் பட்டிக்குத் திரும்பும். ஆவணி, புரட்டாதியில் குளங்கள் வற்றும்போது அலைகரையில் எஞ்சியிருக்கும் பச்சைப்புல்லுக்கு மாடும் வரும், எருமையும் வரும், இருட்டிய பிறகு மானும் வரும். ஒரே சேற்றில் குளம்பு பதிக்கும் இந்த விலங்குகள் ஒன்றையொன்று தொடவே தேவையில்லை. எச்சில் பட்ட புல், சாணம் கலந்த நீர், ஒன்றின் முதுகிலிருந்து இன்னொன்றின் முதுகுக்குப் பறக்கும் ஈ ஆகியவை போதும். அந்தப் பட்டிகளின் மாடுகள்தாம் லொறியேறி ஏ-9 வீதியால் குடாநாட்டுக்கு வருகின்றன. காட்டோரத்தில் நடப்பது சில நாட்களில் கொடிகாமத்துக்கோ சுன்னாகத்துக்கோ வந்துசேர அந்த வீதி ஒன்றே போதும்.

இதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. மாடுகளின் தோல் கழலை நோய், ஊரில் மாட்டம்மை என்று சொல்லப்படுவது, 2019இல் இந்தியாவின் ஒடிசாவில் தலைகாட்டியது. 2020இல் இலங்கையில் முதன்முதலாகப் பதிவானபோது அது வடக்கிலேயே தொடங்கியது. கடும் காய்ச்சல், பிறகு கழுத்திலும் விலாவிலும் மடியிலும் விரலால் தொட்டு எண்ணக்கூடிய கட்டிகள், கால்வீக்கம், பால் வற்றுதல் என்று நோய் போகும். கட்டி காய்ந்து உதிரும்போது தோலில் குழி விழும், அந்தக் குழியில் ஈ மொய்க்கும், அந்த ஈயே நோயை அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகும். 2022இல் இந்தியாவில் இது ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. அதே பரவலின்போது ராஜஸ்தானில் காட்டில் திரியும் சிங்காரா மான்களிலும் இந்த வைரசு கண்டறியப்பட்டது. மாட்டில் மட்டும் இருக்கும் நோய் என்று எண்ணி மாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கின் பாதி விடுபட்டுப்போகும் என்பதற்கு இது போதிய சான்று.

மானைச் சோதிப்பதில் உள்ள தனிப்பயன் என்ன? விடை தடுப்பூசியில் இருக்கிறது. ஒரு விலங்கை நோய்க்கிருமி தாக்கினால் அதன் குருதியில் பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. விலங்கு குணமாகிப் பல மாதங்கள், சில நோய்களில் ஆண்டுகள் கழிந்த பின்பும் அவை தங்கியிருக்கும். ஆகவே குருதியைப் பார்த்தால் நோய் இப்போது இருக்கிறதா என்பதைவிட, எப்போதாவது வந்துபோனதா என்பது தெரியும். மாட்டில் இந்தப் பரிசோதனைக்கு ஒரு சிக்கல் உண்டு. கால்வாய் நோய்க்குத் தடுப்பூசி போட்ட மாட்டின் குருதியிலும் பிறபொருளெதிரி இருக்கும். அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்தறியத் தனியான பரிசோதனை தேவை, தடுப்பூசியும் அதற்கேற்றவாறு தூய்மையாக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பல தடவை ஊசி ஏற்றிய மாட்டில் அந்தத் தனிப் பரிசோதனையும் சிலவேளை குழப்பும். காட்டு மானுக்கோ யாரும் ஊசி போட்டதில்லை. அதன் குருதியில் கால்வாய் நோயின் தடம் இருந்தால் அந்தக் காட்டோரம் வழியாக வைரசு நடந்துபோயிருக்கிறது என்று பொருள். அதிலும் இளமான்களின் குருதி கூடுதலாகப் பேசும். இரண்டு வயதைத் தாண்டாத, தாய்ப்பாலின் மூலம் கிடைத்த எதிர்ப்பும் மறைந்துவிட்ட ஒரு மானில் தடம் இருந்தால், நோய் கடந்த இரண்டு ஆண்டுக்குள் அங்கே இருந்தது. பற்களைப் பார்த்து வயதைக் கணிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நோயின் நாட்குறிப்பையே எழுதிவிடலாம்.

இது ஏட்டளவில் நிற்கும் யோசனை அல்ல. மனிதன் உலகிலிருந்து முழுதாக ஒழித்த ஒரேயொரு விலங்கு நோயான வெக்கை நோய் இந்த முறையின் துணையோடுதான் ஒழிக்கப்பட்டது. 1890களில் அந்த நோய் ஆபிரிக்காவின் மாடுகளில் பெரும்பங்கைக் கொன்றது, காட்டெருமைகளையும் மான்களையும் சேர்த்தே கொன்றது. ஒரு நூற்றாண்டு கழித்து, தடுப்பூசியால் நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது என்று எண்ணப்பட்ட வேளையில், 1994இல் கென்யாவின் சாவோ தேசிய பூங்காவில் காட்டெருமைகளும் குடு மான்களும் மடிந்தன. பின்னர் தெரியவந்தது, சோமாலிய எல்லைப்புறத்து மாடுகளில் அந்த வைரசு மிக மெல்லிய வடிவத்தில் ஒளிந்திருந்தது. மாட்டில் லேசான காய்ச்சலாகவும் கண்நீராகவும் மட்டும் காட்டிய அதே வைரசு காட்டு விலங்கில் கொல்லும் நோயாக வெளிப்பட்டது. மாட்டை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. அதன் பிறகு வெக்கை நோய் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடியவர்கள் காட்டெருமைகளின் குருதியை வயதுவாரியாகச் சோதித்தார்கள். 2001இல் கென்யாவின் மேரு தேசிய பூங்காவில் ஒரு காட்டெருமையில் கண்டறியப்பட்டதே அந்த நோயின் கடைசிப் பதிவு. 2011இல் உலகம் வெக்கை நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. இலங்கையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இல்லாதிருந்த வெக்கை நோய் 1987இல் திரும்பி வந்தது. இந்திய அமைதிப்படை தன் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அது வந்தது என்பதே கால்நடை மருத்துவ நூல்கள் தரும் விளக்கம். போர் நடந்த மண்ணில் நோயைத் துரத்தி ஒழிக்க மேலும் ஏழு ஆண்டுகள் பிடித்தன, 1994இல்தான் கடைசித் தொற்று பதிவானது. அதே 1987இல் பாக்குநீரிணைக்கு அப்பால், விழுப்புரத்தை அடுத்த அரசூரில், இந்தியாவில் முதன்முறையாக ஆட்டுக்கொல்லி நோய் கண்டறியப்பட்டது. அது வெக்கை நோயின் நெருங்கிய உறவு. இன்று இந்தியாவெங்கும் நிலைகொண்டிருக்கிறது, 2030க்குள் உலகிலிருந்து ஒழிப்பதென்று இலக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 2016, 2017இல் மங்கோலியாவில் ஆட்டிலிருந்து சைகா மான்களுக்குத் தாவி அவற்றின் தொகையில் பெரும்பகுதியைத் துடைத்தெடுத்தது இந்த நோய்தான். தான்சானியாவின் செரங்கெட்டியிலோ எதிர்மாறு: காட்டு விலங்குகள் நலமாகவே மேய்ந்துகொண்டிருந்தன, குருதியைப் பார்த்தபோதுதான் அந்த நோய் அவற்றைத் தொட்டுப் போயிருப்பது தெரிந்தது. ஜமுனாபாரி ஆட்டுக்கும் யாழ்ப்பாணச் செம்மறிக்கும் பேர்போன ஒரு பகுதி, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்த நோயைப் பற்றி அலட்சியமாக இருக்க முடியாது.

காசநோயின் கதை வேறுவிதமானது, நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. சென்னை மாநகரின் நடுவே வாழும் புள்ளிமானிலும் வெளிமானிலும் மைக்கோபக்டீரியம் ஒரிகிஸ் என்ற காசநோய்க் கிருமி இருப்பதை ஆய்வாளர்கள் 2022இல் பதிவுசெய்தார்கள். அதற்கு முன்னரே சென்னை மாடுகளில் அதே கிருமி கண்டறியப்பட்டிருந்தது. இந்தியாவில் மனிதக் காசநோயாளர்களிடமும் அது தென்பட்டிருக்கிறது. மாடு, மான், மனிதர் மூவரிடமும் ஒரே கிருமி. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை அறிய மூன்று பக்கத்து மாதிரியும் வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு திசை சொல்ல முடியாது. சென்னைப் புள்ளிமானும் நம் புள்ளிமானும் ஒரே இனம். திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டையிலும் நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் மாட்டோடும் ஆட்டோடும் ஒரே குப்பைமேட்டில் மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த நெருக்கத்தை விளக்கத் தேவையில்லை.

இனி மறுப்புகள். முதலாவது, மானின் பக்கம் நிற்பவர்களுடையது: சோதித்து நோய் இருக்கிறது என்று சொன்னால் மான்தான் குற்றவாளி என்றாகும், பிறகு வேட்டைக்காரருக்குச் சாட்டு கிடைத்துவிடும். இந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. 1924இல் கலிபோர்னியாவில் கால்வாய் நோய் மாட்டிலிருந்து மானுக்குத் தாவியபோது 22,000க்கு மேற்பட்ட மான்களைச் சுட்டுக் கொன்றார்கள். கொன்ற பிறகு பார்த்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்றில்தான் நோயின் அடையாளம் இருந்தது. இங்கிலாந்தில் மாட்டுக் காசநோய்க்குக் காரணம் வளைக்கரடி என்று சொல்லி 1998இலிருந்து நடத்தப்பட்ட பெரும் பரிசோதனையில், வளைக்கரடிகளைக் கொன்ற இடத்தைச் சுற்றியிருந்த பண்ணைகளில் நோய் கூடியது. மிஞ்சிய விலங்குகள் தம் எல்லையை விட்டுக் கலைந்து அலைந்ததே காரணம். இவை சோதனைக்கு எதிரான சான்றுகள்போலத் தோன்றலாம். ஆனால் கலிபோர்னியாவில் குருதி எடுத்துப் பார்க்கும் வழி அன்று இல்லாததால்தான் துப்பாக்கியை எடுத்தார்கள். 2001இல் நெதர்லாந்தில் கால்வாய் நோய் பரவி அடங்கிய பிறகு காட்டு மான்களினதும் காட்டுப்பன்றிகளினதும் குருதியைச் சோதித்தார்கள். எதிலும் தடம் இல்லை என்று வந்தது, பேச்சு அத்தோடு முடிந்தது. இல்லை என்ற விடையும் விடைதான், மானுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பும் இல்லை. ஆம் என்று வந்தாலும் கேள்வி மாட்டை நோக்கியே திரும்ப வேண்டும். பெரும்பாலும் நோயை முதலில் கொண்டுவருவது மாடுதான், ஊசி ஏற்றிக் கட்டுப்படுத்தக்கூடியதும் அதுதான். செரங்கெட்டியில் மாட்டுக்கு வெக்கை ஊசி போடத் தொடங்கிய பிறகுதான் காட்டு விலங்குகளில் நோய் மறைந்து காட்டுமாட்டு மந்தைகள் பெருகின. காட்டில் ஒரு விலங்கையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. புள்ளிமானைப் பிடிப்பது எளிதல்ல. விரட்டிப் பிடித்தால் பதற்றத்தில் தசை சிதைந்து, விட்ட பிறகும் சில நாட்களில் செத்துப்போகும். மயக்க ஊசித் துப்பாக்கியும் மருந்தும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். அத்தனை மானையும் அப்படிப் பிடித்துக் குருதி எடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வன்னியில் ஏற்கெனவே மான்கள் செத்துக்கொண்டிருக்கின்றன: இரவில் பரந்தன், முல்லைத்தீவு வீதியில் வாகனம் மோதி, வெடியில், சுருக்குத்தடத்தில், ஊர்நாய் கடித்து. இறைச்சியாக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி பொலிஸாரினதும் வனஜீவராசிகள் திணைக்களத்தினதும் கையில் அகப்பட்டு நீதிவான் நீதிமன்றத்துக்குச் சான்றுப்பொருளாகப் போகிறது, பிறகு அழிக்கப்படுகிறது. அழிக்கும் முன் ஒரு துண்டு இறைச்சியிலிருந்து வடியும் சாறு போதும், பிறபொருளெதிரி பார்க்கலாம். பன்றிப் பண்ணைத் தொழிலில் இறைச்சிச் சாற்றைச் சோதிப்பது பல நாடுகளில் வழக்கமான வேலை. வீதியில் அடிபட்ட மானின் நெஞ்சுக்குழியில் தேங்கிய குருதியைத் தடித்த வடிதாளில் ஒரு சொட்டு விட்டு நிழலில் காயவைத்தால், குளிர்ப்பெட்டி இல்லாமலே தபாலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். வடக்கின் வெயிலில் சில மணி நேரத்தில் குருதி கெட்டுவிடும் என்ற பிரச்சினைக்கு இதுவே பெரும்பாலும் தீர்வு. காசநோய்க்கு மட்டும் தாடைக்கு அடியிலும் நெஞ்சிலும் இருக்கும் நிணநீர்க் கணுக்களை வெட்டியெடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், குருதி அங்கே நம்பகமாக உதவாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இதைத்தான் செய்தது. 1979இலேயே மாட்டுக் காசநோய் அற்ற மாநிலம் என்று பெயரெடுத்த இடம் அது. 1994இல் ஒரு வேட்டைக்காரர் சுட்ட மானில் காசநோய் தெரிந்தது. வேட்டையாடிய மான்களின் தலைகளைக் கொண்டுவந்து தரச் சொல்லி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சோதித்தார்கள். 1998இல் முதல் மாட்டுப் பண்ணையில் நோய் கண்டபோது, எங்கே தேட வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நம் சட்டம் வேட்டையை அனுமதிப்பதில்லை, அனுமதிக்கவும் வேண்டாம். ஆனால் பிடிபட்ட இறைச்சியைச் சும்மா எரித்துவிடுவது வீண்விரயம்.

மூன்றாவது, செலவு. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் கால்நடை வைத்தியர் அலுவலகங்களில் மருந்துக்கே தட்டுப்பாடு இருக்கும்போது மானுக்கு ஏது காசு என்று கேட்பார்கள். எத்தனை மாதிரி வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் மலைப்பு குறையும். அறுபது மானைச் சோதித்து ஒன்றிலும் தடம் இல்லையென்றால், அந்தத் தொகுதியில் நோய் கண்ட மான்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். முப்பது மாதிரிதான் கிடைத்தாலும் பத்துக்குக் குறைவு என்று சொல்லலாம். ஆண்டுக்கு அறுபது மாதிரி என்பது வடமாகாணம் முழுவதற்கும் மாதத்துக்கு ஐந்து. சோதனைக்கான கருவியும் முறையும் மாட்டுக்காக ஏற்கெனவே கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கின்றன. மாட்டுக்கென்று செய்யப்பட்ட சோதனைகளில் சில மானுக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் போட்டி முறையில் இயங்கும் எலைசா சோதனைகள் இனத்தைப் பார்ப்பதில்லை, கால்வாய் நோய்க்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் அவை கிடைக்கின்றன. எல்லா நோயையும் மானிடம் கேட்க வேண்டியதும் இல்லை. தோல் கழலை நோயில் லேசாகத் தொற்றிய விலங்கில் பிறபொருளெதிரி தென்படாமலே போகலாம், ஆகவே அதற்குக் குருதியை மட்டும் நம்பக்கூடாது. 2024 டிசெம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பலிகொண்ட எலிக்காய்ச்சலை விளங்கிக்கொள்ள எலியையும் மாட்டையும் நாயையும் சோதிப்பதே பயன், மான் அங்கே துணைப்பாத்திரம்கூட அல்ல. புரூசெல்லா போன்ற சில கிருமிகளுக்குப் பரிசோதனை தவறாக ஆம் என்று சொல்லும் வாய்ப்பும் உண்டு, இரண்டாவது சோதனையால் உறுதிசெய்யாமல் அதை வெளியிடக்கூடாது. கால்வாய் நோய், ஆட்டுக்கொல்லி நோய், காசநோய் மூன்றோடு தொடங்கினால் போதும்.

நான்காவது மறுப்பை யாரும் கூட்டங்களில் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் மேய்ச்சல்காரர் மனதில் முதலில் வருவது அதுதான். காட்டு மானில் மாட்டு நோய் என்று ஒரு அறிக்கை வந்தால், அதை வைத்து மாட்டைக் காட்டோரத்திலிருந்து விரட்டுவார்கள். வடக்கிலும் கிழக்கிலும் வர்த்தமானியில் ஒரு கோடு நகர்ந்தால் ஒரு தரவை காணாமல் போகும் என்பது மக்கள் பட்டறிந்தது. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலத்துக்காகப் பாற்பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டத்தை நாடே பார்த்தது. இத்தகைய சூழலில் விஞ்ஞானம் தனியே நிற்காது, அதை யார் கையில் எடுக்கிறார்கள் என்பதும் பார்க்கப்படும். இந்த அச்சத்துக்கு நல்ல சொற்களால் பதில் சொல்ல முடியாது, விதியால்தான் சொல்ல முடியும். ஒரு காட்டோரத்தில் மானில் நோயின் தடம் கிடைத்தால் அதற்கான பதில் அந்தப் பகுதிப் பட்டிகளுக்கு இலவசத் தடுப்பூசி, நோய் கண்ட மாட்டைத் தனிமைப்படுத்தும் காலத்துக்கு இழப்பீடு, வறட்சிக் காலத்தில் மாட்டுக்குத் தனி நீர்த்தொட்டி. மேய்ச்சல் உரிமையைக் குறைப்பதற்கு இந்த முடிவுகளைக் காரணம் காட்டக்கூடாது என்று திட்டம் தொடங்கும்போதே எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பட்டிக்காரர் ஒத்துழைக்க மாட்டார், ஒத்துழைக்காமல் இருப்பதில் தவறும் இல்லை.

சட்டத்தில் பெரிய தடை ஒன்றும் இல்லை. மான் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. மாட்டின் நோய் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்கீழ் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. நடைமுறையில் மருந்தும் ஊசியும் கொண்டு பட்டிக்குப் போகிறவர்கள் மாகாணத் திணைக்களத்தார். மான் மத்திக்கு, மாடு மாகாணத்துக்கு என்று பிரிந்திருப்பதால் இரண்டுக்கும் இடையில் பறக்கும் ஈக்கு மட்டும் அமைச்சர் இல்லை. மாகாண சபையே 2018 ஒக்டோபருக்குப் பிறகு தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமல் கிடக்கிறது. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆளுநரின் செயலகமும் இரண்டு திணைக்களங்களும் ஒரு புரிந்துணர்வுக் கடிதத்தில் கையெழுத்திட்டால் போதும். மாதிரி எடுப்பது வனஜீவராசிகள் உத்தியோகத்தர், சோதிப்பது கன்னொறுவை, வயதும் இடமும் குறித்துப் பதிவேட்டைப் பேணுவதற்கு அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம். கைப்பற்றப்பட்ட இறைச்சியிலிருந்து மாதிரி எடுக்க நீதிவானின் அனுமதி தேவைப்படும், அதற்கு வழக்கமான ஒரு படிவம் அச்சிட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் மனுப் போட வேண்டியிருக்காது.

முடிவுகளை வெளியிடும் முறையையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். மான் மாதிரிகளின் முடிவு தனி அறிக்கையாகக் கொழும்பில் தூங்கக்கூடாது. பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, அந்தப் பிரிவில் எத்தனை மாட்டுக்குக் கால்வாய் நோய் ஊசி போடப்பட்டது என்ற எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, ஒரே தாளில், தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வர வேண்டும். அப்போது கண்டாவளையிலோ மருதங்கேணியிலோ ஊசி எண்ணிக்கை உயர்ந்தும் இளமான்களில் தடம் தொடர்ந்தால், ஊசி கெட்டுப்போனதா, குளிரூட்டல் அறுந்ததா, கணக்கில் மட்டும் போடப்பட்டதா என்று ஊர்க் கால்நடை வளர்ப்போர் சங்கமே கேட்கலாம். எண்ணிக்கை உயர்ந்து தடம் மறைந்தால் அடுத்த புயலுக்குப் பிறகு இறைச்சி லொறியை மறிக்க வருபவரிடம் அந்தத் தாளைக் காட்டலாம்.